மேஜைக்கு அந்தப் பக்கம் இருப்பவர்: உணவகத்துக்குப் புதிதாகப் போகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பெரிய உணவகத்துக்கு முதல்முறை வருகிறவரை வாசலிலேயே கண்டுபிடித்துவிடலாம். கதவைத் தாண்டி இரண்டடி வைத்ததும் நின்றுவிடுவார். நேராகப் போய் உட்காரலாமா, யாராவது வந்து கூட்டிப் போவார்களா, கையிலிருக்கும் பையை எங்கே வைப்பது என்று அவர் மனதுக்குள் ஓடுவது முகத்திலேயே தெரியும்.

படிக்கும் காலத்தில் மூன்று வருடம், மாலை நேரங்களில் ஓர் உணவகத்தில் பரிமாறும் வேலை பார்த்தேன். ஃபோர்க்கை எந்தக் கையில் பிடிப்பது என்று தெரியாமல் தடுமாறியவர்கள் எத்தனையோ பேர். அவர்களைப் பற்றி நாங்கள் யாரும் ஒரு வார்த்தை தப்பாகப் பேசியதில்லை. நிமிர்ந்தே பார்க்காமல் மெனுவை நம் பக்கம் தள்ளிவிட்டு, "இது ஒண்ணு, இது ஒண்ணு, சீக்கிரம்" என்று சொன்னவர்கள்தான் வேலை முடிந்து வீட்டுக்குப் போன பிறகும் மனதில் நின்றார்கள். அதனால் கத்தி, கரண்டி சமாச்சாரம் இங்கே கொஞ்சமாகத்தான் வரும். நீங்கள் சொல்லும் ஒரு சொல் உள்ளே போய் எப்படித் தட்டாகத் திரும்பி வருகிறது என்று தெரிந்துகொண்டால், எங்கே பேசுவது, எங்கே காத்திருப்பது என்பது உங்களுக்கே பிடிபட்டுவிடும். போகும் நேரத்திலிருந்து திரும்பும் நேரம் வரை வரிசையாகப் பார்க்கலாம்.

கிளம்பும் முன் ஒரு போன்

கூட்டம் வருகிற இடமென்றால் முன்பதிவு செய்துவிடுங்கள். யார் பெயரில், எத்தனை பேர், எத்தனை மணிக்கு, ஏதாவது தனித் தேவை உண்டா என்று நான்கு விஷயம் சொன்னால் போதும். குழந்தைக்கு உயரமான நாற்காலி, சக்கர நாற்காலியில் வருகிறவருக்குப் படியில்லாத வழி, யாருக்காவது உணவு ஒவ்வாமை, எல்லாவற்றையும் இந்தப் போனிலேயே சொல்லிவிட வேண்டும். அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், சாப்பிட்டுக்கொண்டிருக்கும் நான்கு பேரை எழுப்பி மேஜையை நகர்த்த வேண்டியிருக்கும். அப்போது எல்லாரையும்விடச் சங்கடப்படுவது அந்தச் சக்கர நாற்காலியில் இருப்பவர்தான்.

ஆறு பேர் என்று சொல்லிவிட்டு ஒன்பது பேராகப் போகாதீர்கள். கூடினாலும் குறைந்தாலும் கிளம்பும்போதே சொல்லுங்கள். தாமதமாகும் என்று தெரிந்தாலும் அப்படித்தான். ஒரு மேஜையை ஒரே மாலையில் இரண்டு, மூன்று குழுவுக்கு நேரம் கணக்குப் போட்டுத்தான் கொடுத்திருப்பார்கள். நீங்கள் அரை மணி பிந்தினால் உங்களுக்கு அடுத்து வருகிறவர் வாசலில் நிற்பார்.

போக முடியாமல் போனால்? இதை மட்டும் தயவுசெய்து சொல்லாமல் விடாதீர்கள். ஒரு சனிக்கிழமை இரவு எங்களிடம் பன்னிரண்டு பேருக்கு ஒரு பதிவு இருந்தது. மூன்று மேஜையை ஒட்டிப் போட்டு, விரிப்பு விரித்து, பன்னிரண்டு தட்டும் டம்ளரும் அடுக்கிவிட்டு நானும் இன்னொருவரும் காத்திருந்தோம். ஏழரைக்கு வரவேண்டியவர்கள் எட்டேகால் ஆகியும் வரவில்லை, போனையும் எடுக்கவில்லை. வாசலில் ஒரு குடும்பம் வயதான பாட்டியைத் தாங்கிப் பிடித்தபடி அந்தக் காலி மேஜைகளையே பார்த்துக்கொண்டிருந்தது. "அது வேற ஒருத்தருக்கு எடுத்து வச்சிருக்கு" என்று நான் மூன்று தடவை சொன்னேன். பாட்டியால் அதற்கு மேல் நிற்க முடியவில்லை, கிளம்பிவிட்டார்கள். அவர்கள் போன கொஞ்ச நேரத்தில்தான் மேஜையைப் பிரிக்கச் சொல்லி உத்தரவு வந்தது. பதிவை ரத்து செய்வதில் வெட்கப்பட ஒன்றுமே இல்லை. மதியமே ஒரு வரி வந்திருந்தால் அந்தப் பாட்டி உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போயிருப்பார்.

வாசலில்

உட்காரவைக்க ஆள் இருக்கும் இடத்தில் அவர் வரும்வரை நில்லுங்கள். ஆள் தெரியவில்லை என்றால், கண்ணில் படும் ஊழியரிடம் "எங்கே உட்காரலாம்?" என்று கேளுங்கள். காலியாக இருக்கிறதே, நாமே போய் உட்கார்ந்தால் என்ன என்று தோன்றும். பல இடங்களில் இந்தச் சர்வருக்கு இந்த மேஜைகள் என்று பிரித்து வைத்திருப்பார்கள். ஒரே ஆளுடைய நான்கு மேஜையும் ஒரே நிமிடத்தில் நிரம்பிவிட்டால் நால்வருக்கும் தாமதம்தான். அதைத் தவிர்க்கத்தான் முன்னால் நிற்பவர் உங்களை வேறு பக்கம் கூட்டிப் போகிறார். ஜன்னலோரம் வேண்டுமென்றால் கேளுங்கள், தப்பில்லை. இல்லை என்றால் விட்டுவிடுங்கள். அதேபோல, முன்னால் சாப்பிட்டவர் தட்டு எடுக்கப்படாத மேஜையில் போய் உட்காராதீர்கள். நீங்கள் உட்கார்ந்துகொண்டு இருக்கும்போது துடைப்பது இரண்டு பேருக்குமே சிரமம்.

இடம் காலியாகட்டும் என்று காத்திருக்கும்போது சாப்பிடுகிறவர் நாற்காலிக்குப் பின்னால் போய் நிற்க வேண்டாம். யாரோ தலைக்கு மேலே நிற்கிறார் என்று தெரிந்தால் அவருக்குக் கடைசி வாய் இறங்காது.

பை, குடை, குழந்தை வண்டி எதுவும் நடைபாதையில் நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. இதை நான் அழுத்திச் சொல்கிறேன். பெரிய தட்டைத் தோளுக்கு நிகராகத் தூக்கி வருகிறவருக்குத் தன் கால் எங்கே படுகிறது என்று தெரியாது. போன தடவை அந்த வழியில் நடந்தபோது தரை காலியாக இருந்தது என்ற நம்பிக்கையில்தான் நடக்கிறார். நாற்காலிக் காலில் மாட்டிய ஒரு பைப் பட்டை போதும், கொதிக்கும் சூப் யார் மேலாவது கொட்ட. பையை முதுகுக்குப் பின்னாலோ மேஜைக்கு அடியிலோ வைத்துக்கொள்ளுங்கள்.

கூப்பிடுவது எப்படி

கண்ணைப் பார்த்து, கையை லேசாகத் தூக்கினால் போதும். பார்க்கவில்லை என்றால் "கொஞ்சம் வர்றீங்களா?" என்று சாதாரணக் குரலில் கேளுங்கள். விரலைச் சொடுக்குவது, உதட்டைக் குவித்து "ஸ்ஸ்" என்பது, டம்ளரைக் கரண்டியால் தட்டுவது, கடந்து போகும்போது சட்டையைப் பிடித்து இழுப்பது எல்லாம் வேண்டவே வேண்டாம். சின்னப் பையனாகத் தெரிந்தாலும் "நீ, வா, போ" வேண்டாம், "நீங்க" என்றே பேசுங்கள். "தம்பி", "அண்ணா", "அக்கா" என்று கூப்பிடுவது நம் வாயில் இயல்பாக வருவதுதான். அதையே அதட்டிச் சொன்னால் உறவுச் சொல்லுக்கு அர்த்தம் இல்லாமல் போய்விடும்.

எப்போது கூப்பிடுகிறோம் என்பதையும் கவனிக்க வேண்டும். இரண்டு கையிலும் சூடான தட்டோடு போகிறவரை நிறுத்தாதீர்கள். அந்தத் தட்டு கையைச் சுடுகிறது, அதற்குப் போய்ச் சேர ஓர் இடம் இருக்கிறது. வெறுங்கையோடு திரும்பி வரும்போது கூப்பிட்டால் நின்று கேட்பார். பக்கத்து மேஜையில் ஆர்டர் எழுதிக்கொண்டிருக்கும்போது குறுக்கே தண்ணீர் கேட்பதும் அப்படித்தான். பாதியில் கவனம் கலைந்தால் அவர்கள் சொன்னதில் ஒன்று எழுதாமல் விட்டுப்போகும்.

அவர் உங்கள் மேஜைக்கு வந்ததும் போன் பேச்சை நிறுத்திவிடுங்கள். முக்கியமான அழைப்பு என்றால், "ரெண்டு நிமிஷம் கழிச்சு வர்றீங்களா?" என்று சொல்லி அனுப்பிவிடலாம். போனில் பேசிக்கொண்டே மெனுவில் விரலை வைத்துக் காட்டினால் எதிரே நிற்பவருக்கு எது ஆர்டர், எது போன் பேச்சு என்றே புரியாது.

ஆர்டர்: இங்கேதான் நிதானம் வேண்டும்

முதலில் மெனுவை முழுதாக ஒரு தடவை படியுங்கள். புரியாத பெயர் இருந்தால் கேளுங்கள். "இது என்ன, எப்படிச் செய்வீங்க, எத்தனை பேருக்கு வரும், காரமா இருக்குமா?" என்று கேட்பதை எந்தச் சர்வரும் தொந்தரவாக நினைப்பதில்லை. தெரியாமல் வரவழைத்து ஒதுக்கி வைப்பதைப் பார்ப்பதுதான் வருத்தம். "இன்னைக்கு ஸ்பெஷல்" என்று வாயால் சொல்வதற்கு மெனுவில் விலை இருக்காது. விலை என்ன என்று கூச்சப்படாமல் கேட்டுவிடுங்கள். பில் வந்த பிறகு திகைப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

எல்லாரும் முடிவு செய்த பிறகு சர்வரைக் கூப்பிடுங்கள். வந்து நிற்க வைத்துவிட்டு, "உனக்கு என்ன? சரி, அப்போ நான் மாத்திக்கிறேன்" என்று ஐந்து நிமிடம் ஆலோசனை நடத்தினால் அவருடைய மற்ற மேஜைகள் காத்திருக்கும். பெரிய குழு என்றால் ஒருவர் எல்லாருக்கும் சேர்த்துச் சொல்லலாம், அல்லது உட்கார்ந்த வரிசையில் ஒவ்வொருவராகச் சொல்லலாம். ஐந்து குரல் ஒரே நேரத்தில் வந்தால் ஒன்று நிச்சயம் தவறும். எழுதி முடித்ததும் அவர் திருப்பிப் படித்துக் காட்டுவார். அந்த அரை நிமிடம் காது கொடுங்கள். படிக்காவிட்டால் "ஒரு தடவை சொல்லிடுங்களேன்" என்று நீங்களே கேளுங்கள்.

இனி அந்தக் காகிதம் உள்ளே போகிறது. பெரிய சமையலறையில் ஒரே ஆள் எல்லாவற்றையும் சமைப்பதில்லை. சூப்புக்கு ஒருவர், வறுவலுக்கு ஒருவர், குளிர்ந்த வகைகளுக்கு ஒருவர், இனிப்புக்கு ஒருவர் என்று பிரிந்து நிற்பார்கள். இந்த முறையை ஒழுங்குபடுத்தியவர் என்று பிரெஞ்சு சமையல் கலைஞர் ஆகஸ்ட் எஸ்கோஃபியேவைச் சொல்வார்கள். 1890இல் லண்டன் சவாய் ஹோட்டலின் சமையலறைப் பொறுப்பை ஏற்றவர் அவர். உங்கள் மேஜையில் நான்கு பேர் நான்கு வகை கேட்டால், நான்கு மூலையில் நான்கு பேர் வெவ்வேறு நேரத்தில் அடுப்பைப் பற்றவைத்து நான்கும் ஒரே சமயத்தில் தயாராகும்படி பார்த்துக்கொள்கிறார்கள். இருபது நிமிடம் ஆகும் பதார்த்தம் ஒன்று இருந்தால், ஐந்து நிமிடத்தில் முடிவதை வேண்டுமென்றே பதினைந்து நிமிடம் கழித்துத்தான் ஆரம்பிப்பார்கள்.

இது தெரிந்தால் பாதியில் ஆர்டரை மாற்றுவது ஏன் எல்லாரையும் பாதிக்கிறது என்பது புரியும். நீங்கள் ஒன்றை மாற்றினால் மற்ற மூன்று தட்டும் ஆறிக்கொண்டு காத்திருக்கும், அல்லது மூன்று பேர் சாப்பிட ஒருவர் பார்த்துக்கொண்டிருப்பார். மாற்றியே ஆக வேண்டும் என்றால் உடனே சொல்லுங்கள், "இன்னும் ஆரம்பிக்கலைன்னா மாத்த முடியுமா?" என்று கேளுங்கள். தண்ணீர், கூடுதல் தட்டு, ஐஸ், எலுமிச்சைத் துண்டு போன்ற சில்லறைத் தேவைகளையும் ஒரே தடவையில் சொல்லிவிடுங்கள். ஒருவர் ஒன்று கேட்டு அது வந்ததும் அடுத்தவர் இன்னொன்று கேட்டால், ஒரே மேஜைக்காக அவர் எட்டு முறை உள்ளே போய் வருவார்.

வெங்காயம் வேண்டாம், உப்புக் கொஞ்சம் குறைவாக என்பது போன்ற சின்ன மாற்றங்கள் தாராளமாகக் கேட்கலாம். இதில் உள்ள குழம்பு, அதில் உள்ள காய், இன்னொன்றில் உள்ள தாளிப்பு என்று புதிதாக ஒரு பதார்த்தத்தையே உருவாக்கச் சொல்வது வேறு விஷயம். முடியாது என்றால் ஏற்றுக்கொள்ளுங்கள்.

ஒவ்வாமை இருந்தால்

இதைத் தனியாகச் சொல்வதற்குக் காரணம், இது மரியாதையைத் தாண்டி உயிர் சம்பந்தப்பட்டது. ஒவ்வாமை உள்ளவர் மேஜையில் இருந்தால் ஆர்டரின் முதல் வாக்கியமே அதுவாக இருக்கட்டும்: "இவங்களுக்கு வேர்க்கடலை அலர்ஜி. கொஞ்சம் பட்டாலே ஆபத்து. கிச்சன்ல சொல்லிடுங்க." பொருளின் பெயர், எவ்வளவு கடுமையானது, யாருக்கு என்று மூன்றும் அதில் வந்துவிடுகிறது.

எதெல்லாம் ஒவ்வாமை தரும் என்பது பலருக்கும் முழுதாகத் தெரியாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் உணவகங்கள் வாடிக்கையாளருக்குத் தெரிவித்தே ஆகவேண்டிய பொருட்கள் என்று 14 வகைகளைச் சட்டத்தில் வைத்திருக்கிறார்கள். பால், முட்டை, மீன், வேர்க்கடலை, கோதுமை மட்டுமல்ல, எள்ளும் கடுகும்கூட அந்தப் பட்டியலில் இருக்கின்றன. மேலே தூவியதை எடுத்துவிட்டால் சரியாகிவிடும் என்றும் நினைக்கக் கூடாது. உணவுத் தரங்களை வகுக்கும் சர்வதேச அமைப்பான கோடெக்ஸ், ஓர் உணவைக் 'குளூட்டன் (கோதுமை போன்ற தானியங்களில் இருக்கும் ஒரு புரதம்) இல்லாதது' என்று சொல்ல வேண்டுமானால் கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக் கூடாது என்கிறது. அவ்வளவு சின்ன அளவு! ஒரே எண்ணெயில் பொரித்தாலோ ஒரே கரண்டியால் கிளறினாலோ அந்த அளவு தாண்டிவிடலாம். அதனால்தான் நீங்கள் முன்கூட்டியே சொன்னால் நல்ல சமையலறையில் பாத்திரம், பலகை, கத்தி எல்லாவற்றையும் தனியாக எடுக்கிறார்கள்.

இதனாலேயே இன்னொன்றையும் கேட்டுக்கொள்கிறேன். பிடிக்காத பொருளை ஒதுக்க வைப்பதற்காக "எனக்கு அது அலர்ஜி" என்று சொல்லாதீர்கள். "பிடிக்காது, போடாதீங்க" என்றாலே போடமாட்டார்கள். எங்கள் சமையலறையில் ஒருநாள் ஒருவருக்காக எல்லாவற்றையும் கழுவி, தனி அடுப்பில், தனிப் பாத்திரத்தில் சமைத்தார்கள். மற்ற மேஜைகளுக்கு எல்லாம் தாமதம். கொண்டுபோய் வைத்த பிறகு அவர் பக்கத்தில் இருந்தவர் தட்டிலிருந்து அதே பொருளை எடுத்துச் சாப்பிட்டார். நான் உள்ளே போய்ச் சொன்னபோது அந்தச் சமையல்காரர் ஒன்றும் சொல்லாமல் கையைத் துடைத்துக்கொண்டார். அவர் அடுத்தவருக்கும் அதே அக்கறையோடுதான் செய்தார். ஆனால் எல்லாரும் அப்படி இருப்பார்கள் என்று நம்பிவிட முடியாது. ஒரு பொய்யால் அக்கறை குறைந்தால், உண்மையில் ஒவ்வாமை உள்ள குழந்தை ஒன்றுக்குத்தான் ஆபத்து.

காத்திருக்கும் நேரம்

எவ்வளவு நேரமாகும் என்று ஆர்டர் கொடுக்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். அவசரம் இருந்தால் அதையும் அப்போதே சொல்லுங்கள்: "முக்கால் மணியில கிளம்பணும், எது சீக்கிரம் ஆகும்?" சொல்லப்பட்ட நேரம் தாண்டிவிட்டால் ஒரு தடவை விசாரியுங்கள். உங்களுக்குப் பின்னால் வந்த மேஜைக்கு முதலில் வந்துவிட்டது என்றால் அவர்கள் கேட்டது சீக்கிரம் ஆகும் வகையாக இருக்கலாம்.

அப்புறம் குரல். உணவகத்தில் சத்தம் தானாகவே ஏறிக்கொண்டே போவதைக் கவனித்திருப்பீர்கள். சுற்றிலும் இரைச்சல் கூடினால் நமக்கே தெரியாமல் நம் குரலும் உயர்ந்துவிடும். எட்டியன் லொம்பார் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1911இல் இதைப் பற்றி எழுதினார், இன்றும் அவர் பெயரால்தான் அதைச் சொல்கிறார்கள். ஒரு மேஜை சத்தமாகப் பேச, அதைத் தாண்டிக் கேட்க அடுத்த மேஜை இன்னும் சத்தமாகப் பேச, கடைசியில் எல்லாரும் கத்திக்கொண்டிருப்பார்கள். எதிரே இருப்பவருக்குக் கேட்டால் போதும் என்று நாம் ஒரு படி இறங்கினால் பக்கத்து மேஜையும் இறங்கும். ஸ்பீக்கரில் வீடியோ ஓடவிடுவதும் ஸ்பீக்கர்போனில் பேசுவதும் அறவே வேண்டாம்.

குழந்தைகளோடு போகிறவர்களுக்கு: அழுகை இயற்கை, அதற்காக யாரும் உங்களைக் குறை சொல்லக் கூடாது. கொஞ்ச நேரம் வெளியே தூக்கிப்போய் வந்தால் குழந்தைக்கும் காற்று மாறும். மேஜைகளுக்கு நடுவே ஓடவிடுவதை மட்டும் அனுமதிக்காதீர்கள். முன்னே சொன்ன சூடான தட்டு நினைவிருக்கட்டும்.

சாப்பிடும்போது

நிறையக் கரண்டிகள் வரிசையாக இருந்தால் வெளிப்பக்கம் இருப்பதிலிருந்து தொடங்கி உள்பக்கம் வரவும். ரொட்டித் தட்டு உங்களுக்கு இடப்பக்கம், டம்ளர் வலப்பக்கம். நாப்கின் மடியில். கீழே விழுந்த கரண்டியைக் குனிந்து தேட வேண்டாம், வேறு ஒன்று கேளுங்கள். முடித்துவிட்டீர்கள் என்றால் கத்தியையும் ஃபோர்க்கையும் தட்டில் ஒட்டினாற்போல் சேர்த்து வையுங்கள், எடுக்கலாம் என்று அவருக்குப் புரியும். இவ்வளவு தெரிந்தால் போதும். மிச்சத்தில் தடுமாறினால் யாரிடமாவது கேளுங்கள், அல்லது கையால் சாப்பிடக்கூடியதைக் கையாலேயே சாப்பிடுங்கள்.

தட்டை நீங்களே அடுக்கி வைத்து உதவலாமா என்று பலர் கேட்பார்கள். நல்ல மனதுதான். ஆனால் குழம்பு இருக்கும் தட்டின் மேல் டம்ளர், அதன் மேல் எலும்பு என்று அடுக்கினால் எடுக்கும்போது சரியும். ஒவ்வொருவர் கைக்கும் ஓர் அடுக்கு முறை உண்டு. எட்டாத மூலையில் இருக்கும் தட்டை அவர் கைக்கு எடுத்துக் கொடுத்தாலே பெரிய உதவி. பயன்படுத்திய டிஷ்யூவை மட்டும் டம்ளருக்குள் திணிக்காதீர்கள், யாரோ ஒருவர் விரலை விட்டு எடுக்க வேண்டியிருக்கும்.

பஃபே என்றால் ஒவ்வொன்றிலும் கொஞ்சம் எடுத்துவிட்டு மறுபடியும் போங்கள். ஒரு பாத்திரத்துக் கரண்டியை இன்னொன்றில் போடக் கூடாது. கடலை உள்ளதைக் கிளறிய கரண்டி கடலை இல்லாததில் விழுந்தால் என்ன ஆகும் என்று மேலே பார்த்தோம்.

குறை இருந்தால்

புதிதாகப் போகிறவர்கள் அதிகம் தவறுவது இங்கேதான். ஒன்று, வாயைத் திறக்காமல் விழுங்கிவிட்டு வெளியே வந்து புலம்புவார்கள். அல்லது எடுத்த எடுப்பில் சத்தம் போடுவார்கள். இரண்டுமே தேவையில்லை.

கேட்டது ஒன்று, வந்தது வேறு என்றால் தொடாதீர்கள். கை வைக்கும் முன்பே சொல்லுங்கள். வேகவில்லை, உப்பு அதிகம், முடி கிடக்கிறது என்றால் முதல் வாயிலேயே நிறுத்துங்கள். முக்கால் தட்டைக் காலி செய்துவிட்டு "சரியில்லை" என்றால் அவர்களால் சரி செய்ய முடியாது, நம்பவும் கஷ்டம். சொல்லும்போது என்ன குறை, உங்களுக்கு என்ன வேண்டும் என்ற இரண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள். "மீன் நடுவுல வேகலை. இன்னும் கொஞ்சம் வேக வச்சுத் தர முடியுமா?" இதைவிடத் தெளிவாக யாரும் சொல்ல முடியாது. "என்னய்யா சமைக்கிறீங்க?" என்று கேட்டால் உங்களுக்கு மாற்றுத் தட்டு வேண்டுமா, வேறு பதார்த்தம் வேண்டுமா, பில்லில் கழிக்க வேண்டுமா என்று அவருக்குப் புரியாது.

எதிரே நிற்கும் சர்வர் அதைச் சமைக்கவில்லை என்பதையும் மனதில் வையுங்கள். தாமதமும் பெரும்பாலும் அவர் கையில் இல்லை. அவரால் முடியாது என்று தெரிந்தால், "மேனேஜரைப் பார்க்கலாமா?" என்று கேளுங்கள். அது மிரட்டல் இல்லை, முடிவெடுக்கக்கூடியவரிடம் பேசுவது மட்டும்தான்.

நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வாரம் இரண்டு மேஜையின் ஆர்டரை மாற்றி எழுதிவிட்டேன். ஒரு பெரியவர், மனைவியோடு வந்திருந்தார். வேறு தட்டைக் கொண்டுபோய் அவர் முன்னால் வைத்தேன். அவர் தட்டை அப்படியே என் பக்கம் மெதுவாகத் திருப்பி, "இது எங்களுது இல்லைன்னு நினைக்கிறேன், கொஞ்சம் பார்த்துட்டு வாங்க, நாங்க இருக்கோம்" என்றார். 'நாங்க இருக்கோம்' என்ற அந்த வார்த்தைக்காகவே ஓடிப்போய்ச் சரி செய்தேன். அதே தவறுக்கு மற்ற மேஜையில் இருந்தவர் எழுந்து நின்று கத்தினார். அவருடைய தட்டும் அதே நேரத்தில்தான் வந்தது. நடுங்கிய கையோடு நான் வைத்ததில் கொஞ்சம் மேஜையில் சிந்தியதுதான் மிச்சம்.

சரி செய்து கொடுத்துவிட்டால் அதோடு விட்டுவிடுங்கள். இணையத்தில் விமர்சனம் எழுதுவதாக இருந்தால் முதலில் அங்கேயே சொல்லி, அவர்கள் என்ன செய்தார்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். ஊழியரின் படத்தையோ பெயரையோ போட வேண்டாம். ஒருநாள் தவறு ஒருவர் வேலையைப் பறித்துவிடலாம்.

பில்

யார் கொடுப்பது என்பதை வரும் முன்பே பேசிவையுங்கள். பில் மேல் நான்கு கை விழுந்து இழுபறி நடக்கும்போது நடுவில் நிற்கும் சர்வர் யார் பக்கம் பார்ப்பது என்று தெரியாமல் தவிப்பார். பிரித்துக் கொடுப்பதாக இருந்தால் ஆர்டர் எடுக்கும்போதே, "எங்களுக்கு மூணு தனித்தனி பில்" என்று சொல்லிவிடுங்கள். கடைசியில் சொன்னால் ஒவ்வொரு வரியாகப் பிரித்து மறுபடி போட வேண்டும்.

பில்லை வரி வரியாகப் பார்ப்பது உங்கள் உரிமை, அதில் கூச்சம் வேண்டாம். கூடுதலாக ஏதாவது இருந்தால் "இது நாங்க வாங்கலையே, பார்க்கிறீங்களா?" என்று கேளுங்கள். குறைவாகப் போட்டிருந்தாலும் சொல்லுங்கள். சில இடங்களில் அந்த வித்தியாசத்தைப் பரிமாறியவர் சம்பளத்தில் பிடித்துவிடுவதும் உண்டு.

டிப்ஸ் வழக்கம் இடத்துக்கு இடம் மாறும். அதனால் புது ஊருக்குப் போனால் அங்கே இருக்கும் ஒருவரிடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். சேவைக் கட்டணம் என்று பில்லிலேயே சேர்த்திருக்கிறார்களா என்று பாருங்கள், அது பரிமாறியவருக்குப் போகிறதா என்று அவரிடமே மெதுவாகக் கேட்கலாம். கொடுப்பதாக இருந்தால் தட்டில் வீசாமல் கையிலோ பில் அட்டைக்குள்ளோ வைத்துக் கொடுங்கள்.

மிச்சமும் மூடும் நேரமும்

மீந்ததைப் பார்சல் கேட்பதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை. சமைத்த உணவைச் சாதாரண வெப்பத்தில் 2 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. எனவே அங்கிருந்து நேராக வீட்டுக்குப் போவதாக இருந்தால் வாங்கிக்கொள்ளுங்கள், போனதும் குளிர்பெட்டியில் வையுங்கள், மறுபடி சாப்பிடும்போது ஆவி பறக்கும் அளவுக்கு நன்றாகச் சூடாக்குங்கள். இன்னும் நான்கு இடம் சுற்றிவிட்டுத்தான் வீடு என்றால் வேண்டாம்.

வாசலில் ஆள் நிற்கும்போது சாப்பிட்டு முடித்த மேஜையில் அரட்டையைத் தொடர வேண்டாம். கூட்டமில்லாத நாளில் உட்கார்ந்து பேசுங்கள், யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். மூடும் நேரம் பத்து மணி என்று போட்டிருந்தால், கடைசி ஆர்டர் அதற்கு அரை மணி முன்பே முடிந்துவிடும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த நேரத்தில் உள்ளே அடுப்பைத் தேய்த்துக்கொண்டிருப்பார்கள், எண்ணெயை வடித்திருப்பார்கள். ஒன்பதே முக்காலுக்கு நீங்கள் நுழைந்தால் எல்லாவற்றையும் மறுபடி பற்றவைக்க வேண்டும், கழுவியதை மறுபடி கழுவ வேண்டும். எங்களில் இருவர் கடைசிப் பேருந்தைப் பிடிக்க வேண்டியவர்கள். அந்த மாதிரி இரவுகளில் அவர்கள் நடந்துதான் போனார்கள்.

எழுந்து போகும்போது

நாற்காலியை உள்ளே தள்ளுங்கள், இருக்கையைத் திரும்பிப் பார்த்து போன், கண்ணாடி, சாவி எடுத்தாயிற்றா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். பரிமாறியவர் பக்கத்தில் இருந்தால் முகத்தைப் பார்த்து "போயிட்டு வர்றோம்" என்று சொல்லுங்கள்.

எது பிடித்திருந்ததோ அதன் பெயரைச் சொல்லிப் பாராட்டுங்கள். "சூப் ரொம்ப நல்லா இருந்துச்சு, உள்ளே சொல்லிடுங்க" என்று யாராவது சொன்னால் நான் தட்டுகளோடு உள்ளே போய் முதலில் அதைத்தான் சொல்வேன். சூப் அடுப்பில் நின்ற அக்கா எந்த மேஜை என்று கேட்பார். நான் எண்ணைச் சொன்னதும் அடுப்பைச் சிம்மில் வைத்துவிட்டு, ஆடும் கதவை ஒரு விரல் அளவு திறந்து, அவர்கள் வாசலைக் கடந்து போகும்வரை பார்த்துக்கொண்டிருப்பார்.